இழுவைப் பஞ்சா, அமுக்குப் பஞ்சா: பட்டறையில் எது நின்றுபிடிக்கும்?

இலங்கையின் வடக்கில், பரந்தன் பக்கம் எங்கள் பட்டறை. கேற், கிறில், லான்ட்மாஸ்டர் (இரு சக்கர உழவு இயந்திரம்) இழுக்கும் பெட்டி, கலப்பைக்குப் பட்டம் மாற்றுவது என்று வருகிற வேலை எல்லாம் செய்கிறோம். பெரும்போகத்துக்கு உழவு தொடங்கும் நேரம் வந்தால் நாளொன்றுக்கு முப்பது, நாற்பது துளை போட வேண்டியிருக்கும். ஒவ்வொரு துளைக்கும் முன்னால் ஒரு குத்து. அந்தக் குத்தைப் போடும் சாமானை, அதாவது சென்ரர் பஞ்சைத்தான் போன வருடம் மாற்றினேன். மாற்றியதில் கற்றுக்கொண்டதை எழுதி வைக்கிறேன், வாங்கப் போகிறவர்களுக்கு உதவும்.

பஞ்ச் ஏன் தேவை என்று தொழில் செய்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. துளை போடும் றில் பிற்றின் நுனியைக் கிட்டப் பிடித்துப் பாருங்கள். அது ஊசி முனை இல்லை, குறுக்கே ஒரு சின்னக் கோடு. அந்தக் கோடு இரும்பை வெட்டாது, நசுக்கித் தள்ளும். இருக்க ஒரு குழி கிடைக்காவிட்டால் சுழன்று சுழன்று வழுக்கிப் போகும். ஒருமுறை பெட்டியின் பின் கதவுக்குப் பிணைச்சல் வைத்துக் கொடுத்தேன். இரண்டாம் நாளே ஒரு ஐயா திரும்பக் கொண்டுவந்தார். "தம்பி, உந்த ஓட்டை கொஞ்சம் தள்ளிப் போச்சு. கதவு பூட்ட மாட்டன் எண்டு நிக்குது." அளந்து பார்த்தேன். இரண்டு மில்லிமீற்றர்தான். குத்துச் சரியாக விழாத பிழை அது.

கையால் போடும் சென்ரர் பஞ்ச் மூன்று வகை. சுத்தியலால் அடிப்பது ஒன்று. குழாய் மாதிரி இருக்கும், மேலிருந்து அமுக்கினால் உள்ளே சுருள் (ஸ்பிரிங்) விடுபட்டு தானே "டக்" என்று அடிப்பது இன்னொன்று. இதை அமுக்குப் பஞ்ச் என்கிறேன். மூன்றாவது மிக எளிமையானது: இரண்டு இரும்புத் துண்டு, நடுவில் இரண்டையும் பிணைக்கும் ஒரு இழுவைச் சுருள், அவ்வளவுதான். மேல் துண்டை இழுத்து விட்டால் அது திரும்ப வந்து கீழ்த் துண்டின் தலையில் மோதும். இதை இழுவைப் பஞ்ச் என்று சொல்கிறோம்.

சுத்தியல் பஞ்சைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. விலை குறைவு, எங்கும் கிடைக்கும், பாரமான வேலைக்கு அதை விட்டால் வேறு இல்லை. பன்னிரண்டு மில்லி துளைக்குத் தடித்த பிளேற்றில் ஆழமான குழி வேண்டும் என்றால் நான் இன்றைக்கும் அதைத்தான் எடுப்பேன். குறை என்னவென்றால் இரண்டு கையும் போய்விடும், வேலைத்துண்டைப் பிடிக்க இன்னொரு ஆள் வேண்டும். மெல்லிய பொக்ஸ் பாரில் (உள்ளே வெறுமையான சதுர இரும்பில்) அடித்தால் குழியோடு சேர்த்துச் சுவரும் உள்ளே அமுங்கும். பெட்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு சுத்தியல் வீச இடம் கிடையாது. இன்னொன்று, தலை அடி வாங்கி வாங்கிக் காளான் மாதிரி விரிந்து விட்டால் உடனே கிறைண்டரில் பிடித்துத் தேய்த்து விடுங்கள். அந்த விளிம்பு உடைந்து தெறித்தால் கண்ணுக்குத்தான் வரும்.

சரி, சுருள் போட்ட இரண்டுக்கும் வருவோம்.

நான் முதலில் வாங்கியது அமுக்குப் பஞ்ச். கிளிநொச்சியில் ஒரு ஹாட்வெயார் கடையில் எடுத்தேன். சாதாரணப் பஞ்சைப் போல நாலைந்து மடங்கு விலை. முதல் மாதம் அதைக் கீழே வைக்கவே மனம் வரவில்லை. ஒரு கையால் துண்டைப் பிடித்து, மறுகையால் நுனியைக் கோட்டில் வைத்து அமுக்கினால் போதும். ஒவ்வொரு குழியும் ஒரே அளவில் விழும். தலையில் உள்ள மூடியைத் திருகி அடியைக் கூட்டலாம், குறைக்கலாம். அலுமினியத் தகட்டில் வரிசையாக ரிவெற் துளை போடுவதென்றால் இதற்கு மேல் ஒரு சாமான் இல்லை. அந்த ஒரு வேலைக்கு இப்போதும் அதையே சிபாரிசு செய்வேன்.

கரைச்சல் தொடங்கியது இரண்டாவது மாரியில். அமுக்கினால் அமுங்குது, அடி இல்லை. அடுத்த முறை அடிக்குது. அடுத்த இரண்டு முறை இல்லை. கழற்றிப் பார்த்தபோதுதான் உள்ளே எவ்வளவு நுணுக்கம் என்று தெரிந்தது. குழாய்க்குள் ஒரு கனமான இரும்புக் கட்டை, அதன் மேல் பெரிய சுருள். நுனியின் பின்னால் ஒரு மெல்லிய கம்பி. அந்தக் கம்பியை ஒரு குட்டிக் கூம்புச் சுருள் சற்றுச் சாய்த்தே வைத்திருக்கும். சாய்ந்திருப்பதால் கம்பி, கட்டையில் உள்ள ஓட்டைக்குள் நுழையாமல் அதன் விளிம்பில் முட்டிக் கட்டையை மேலே தள்ளும், பெரிய சுருள் இறுகும். ஒரு கட்டத்தில் குழாயின் உள் ஒடுக்கம் கம்பியை நேராக்கும். ஓட்டை நேர்ப்பட்டதும் கட்டை விடுபட்டு விழுந்து அடிக்கும். அழகான யோசனை. ஆனால் எல்லாம் அந்தக் கம்பி சாய்வதில் இருக்கிறது. கிறைண்டர் தூசியும் ஈரமும் சேர்ந்து துருவாகிக் கம்பி சாயாமல் நின்றால், அது நேரே ஓட்டைக்குள் போய்விடும். அப்போது அடியே இல்லை. ஓட்டையின் விளிம்பு தேய்ந்து உருண்டால் நேரத்துக்கு முன்னமே விடுபட்டு அடி மெலியும்.

மண்ணெண்ணெயில் கழுவி, மெல்லிய எண்ணெய் ஒரு துளி விட்டுப் பூட்டினேன். கிறீஸ் போடக் கூடாது, அது தூசியைப் பிடித்துக் கட்டையின் வேகத்தைக் குறைக்கும். இரண்டு மாதம் ஓடியது. மூன்றாவது முறை கழற்றும்போது அந்தக் குட்டிச் சுருள் துள்ளிப் போய் நிலத்தில் இரும்புத் தூளுக்குள் விழுந்துவிட்டது. பழைய ஸ்பீக்கர் காந்தத்தைக் கொண்டு நிலம் முழுக்கத் தடவினோம். ஒரு கிலோ தூள் வந்தது, சுருள் வரவில்லை. அதை மட்டும் தனியாக எந்தக் கடையிலும் தர மாட்டார்கள். பேனைச் சுருளை வெட்டிப் போட்டுப் பார்த்தேன். அது நேரான சுருள், பலமும் காணாது. நாலு நாள் வேலை செய்துவிட்டு மடிந்து போனது.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். நான் பாவித்தது மலிவான சாமான். அமெரிக்காவில் ஸ்டாரட் நிறுவனம் செய்கிற அமுக்குப் பஞ்சை வவுனியாவில் ஒரு லேத் பட்டறையில் ஒரு பகல் மட்டும் கையில் வைத்திருந்தேன். திருகிப் பார்த்தாலே வேலைப்பாடு தெரிந்தது, அடியும் கணீரென்று இருந்தது. அது எங்கள் தூசியில் பத்து வருடம் நிற்குமா என்பதற்கு ஒரு பகல் அனுபவம் போதாது.

இழுவைப் பஞ்ச் எனக்கு வந்தது கனடாவில் இருந்து. மச்சான் ஊருக்கு வந்தபோது கொண்டுவந்தார். மேசையில் வைத்ததும் எனக்கு நம்பிக்கை வரவில்லை, விளையாட்டுச் சாமான் மாதிரி இருந்தது. ஒரு விரல் தடிப்பில் இரண்டு துண்டு, நடுவில் சுருள். மூடி இல்லை, திருகு இல்லை, குழாய் இல்லை.

பாவிக்கும் முறை இதுதான். கோடு கீறும்போது இரண்டு கோடும் வெட்டும் இடம் தெளிவாக இருக்கட்டும். நுனியைக் கோட்டின் மேல் வைத்து மெல்ல இழுத்துக்கொண்டு போனால், வெட்டும் இடத்தில் "களுக்" என்று அது இறங்குவது விரலில் தெரியும். கண்ணாடி போட்டுக்கொண்டு குனிந்து பார்க்கத் தேவையில்லை. அங்கே இடது கையால் கீழ்த் துண்டை நிமிர்த்திப் பிடித்து, மணிக்கட்டை வேலைத்துண்டில் ஊன்றுங்கள். வலது கையால் மேல் துண்டை ஒரு அங்குலம் இழுத்து விடுங்கள். முதல் அடி சின்ன அடி. குழி சரியான இடத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இரண்டாவது முறை நீட்டி இழுத்து விடுங்கள். இரண்டு மடங்கு இழுத்தால் அடி இரண்டு மடங்குக்கும் மேலே கூடும், சுருளின் குணம் அப்படி. மூடியைத் திருகி அளவு வைக்கத் தேவையில்லை, இழுக்கிற கையே அளவு. எவர்சில்வருக்கு இது பெரிய உதவி. அந்த உலோகம் அடி வாங்கிய இடத்தில் இறுகிப் போகும், பிறகு றில் பிற் ஏறாது. மெதுவாக ஒரே ஒரு குத்துப் போட்டால் போதும்.

குறையும் இருக்கிறது. இதற்கும் இரண்டு கை வேண்டும், அதனால் துண்டை வைஸிலோ கிளாம்பிலோ பிடித்துவிட வேண்டும். ஒவ்வொரு குழியும் அமுக்குப் பஞ்ச் மாதிரி ஒரே ஆழத்தில் வராது. பொடியன் ஒருவன் முதல் நாளே சுருள் மேல் விரலை வைத்து இழுத்துவிட்டான். சுருளின் வளையங்கள் மூடும்போது தோலைக் கடித்துவிட்டது. "அண்ணை, இது கடிக்குது" என்று கையை உதறினான். சுருளில் கை வைக்காமல் இரும்பில் மட்டும் பிடிக்கப் பழகுவதற்கு இரண்டு நாள் எடுத்தது. பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம், சுருள் கழன்றால் துண்டு பறக்கும்.

இவ்வளவு குறையும் தெரிந்தும் நான் இந்தப் பக்கம் சாய்வதற்கு ஒரே காரணம் பராமரிப்பு. இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும்.

நான் தொழில் பழகிய அண்ணை, தொண்ணூறுகளில் போரால் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் இங்கே பட்டறை நடத்தியவர். மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடிய காலம். ஒரு போல்ற் வேண்டுமென்றால் பழைய இரும்பில் இருந்து கடைந்து எடுக்க வேண்டும். அவர் எந்தப் புதுச் சாமானைக் கண்டாலும் முதலில் கேட்பது "இதுக்குள்ள என்ன பழுதாகும், அதை நான் செய்யலாமோ?" என்றுதான். இப்போது கண்டி-யாழ்ப்பாணம் ஏ9 வீதியால் எல்லாச் சாமானும் வருகிறது. ஆனால் அமுக்குப் பஞ்சுக்குள் இருக்கும் அந்தக் குட்டிச் சுருள் மட்டும் வருவதில்லை. அண்ணையின் கேள்வி எனக்கு அப்போதுதான் உறைத்தது.

இழுவைப் பஞ்சில் பழுதாகக் கூடியவை இரண்டே இரண்டு. ஒன்று நுனி. அது தேய்ந்தால் கிறைண்டரில் பிடித்து 90 பாகைக்குத் தீட்ட வேண்டும். கோட்டை அடையாளம் வைக்க மட்டும் என்றால் 60 பாகை. தீட்டும்போது ஒவ்வொரு தொடுகைக்கும் தண்ணீரில் தோய்த்தெடுங்கள். நுனி நீலம் பாய்ந்தால் அதன் கடினம் இறங்கிவிட்டது, அடுத்த நாளே மழுங்கும். தீட்டும் கோடுகள் நுனியை நோக்கி ஓட வேண்டும், சுற்றிவர ஓடக் கூடாது. குறுக்குக் கோடு விழுந்தால் அந்த இடத்தில்தான் நுனி உடையும். மற்றது சுருள். அது இழுபட்டுத் தளர்ந்தாலோ துரு பிடித்தாலோ கண்ணுக்கு நேரே தெரியும். உள்ளே ஒளிந்திருப்பது எதுவுமில்லை. தூசி போனாலும் ஒரு தட்டுத் தட்டினால் விழுந்துவிடும். மாரியில் மாலையில் ஒருமுறை எண்ணெய்த் துணியால் துடைத்து வைத்தால் முடிந்தது.

இதைச் சொல்லாலே நிறுத்தாமல், ஒன்றைச் செய்தே பார்த்தேன். நீட்டு அலன் கீ (அறுகோணச் சாவி) ஒன்று, 10 மில்லி, பழையது. வளைந்த பக்கத்தைக் கழித்து, நேரான பக்கத்தை இரண்டாக வெட்டினேன். அலன் கீ நல்ல கடினமான உருக்கு, பஞ்சுக்குத் தோதானது. கட்டிங் டிஸ்க் சூடேற்றிக் கெடுக்காமல், வெட்டி நிறுத்தி, தண்ணீர் விட்டு, திரும்ப வெட்டினேன். ஒரு துண்டுக்கு நுனி தீட்டினேன். இரண்டும் மோதுகிற முகங்களைச் சதுரம் பார்த்து மட்டமாக்கினேன். அந்த முகம் கோணலாக இருந்தால் அடி பக்கவாட்டில் போய் நுனி வழுக்கும்.

சுருளுக்கு முதலில் மோட்டார் சைக்கிளின் நடு ஸ்டாண்ட் சுருளை எடுத்தேன். அரை அங்குலம் இழுக்கவே முழங்கை வரை வலித்தது. அதை விட்டுவிட்டுப் பக்க ஸ்டாண்ட் சுருள் ஒன்றின் கொளுக்கிகளை வெட்டினேன். அதன் உள் விட்டம் அலன் கீயை விடச் சற்றுக் குறைவு, அப்படித்தான் இருக்கவும் வேண்டும். துண்டு நுழையும் பகுதியில் அறுகோண மூலைகளை லேசாக உருட்டிவிட்டு, சுருள் பிரிகிற திசையில் முறுக்கிக்கொண்டே உள்ளே தள்ளினேன். முறுக்கும்போது வளையம் விரிந்து வழி விடும். கையை விட்டதும் இறுகிப் பிடிக்கும். இரண்டு பக்கமும் அப்படியே, நடுவில் இரண்டு முகமும் முட்டும்வரை. ஒட்டு இல்லை, ஆணி இல்லை. சாப்பாட்டு நேரம் தவிர்த்து ஒரு மத்தியானம் எடுத்தது.

கனடாப் பஞ்சோடு வைத்துப் பார்த்தால் நான் செய்ததன் அடி சற்று மெல்லியது. நாலு மில்லி பைலற் துளைக்கு அது தாராளம். பெரிய துளை போடுகிறவர்கள் எப்படியும் முதலில் பைலற் போட்டுத்தான் விரிக்க வேண்டும், ஏனென்றால் பெரிய பிற்றின் நுனிக் கோடு அகலம், குழிக்குள் அது அடங்காது. ஆகவே பட்டறை வேலையில் பத்தில் எட்டுக்கு இந்த அடி காணும். மிச்சம் இரண்டுக்குச் சுத்தியல் பஞ்ச் கொளுவியில் தொங்குகிறது.

சுருள் எத்தனை வருடம் தாங்கும் என்பதில்தான் என் கணக்கு இன்னும் முடியவில்லை. கனடாச் சுருள் ஒரு பெரும்போகமும் ஒரு சிறுபோகமும் கண்டுவிட்டது, இடையில் ஒரு வளையம் மட்டும் சற்று விலகி நிற்கிறது. நான் போட்ட ஸ்டாண்ட் சுருளுக்கு நாலு மாதம்தான் ஆகிறது. இரண்டின் நீளத்தையும் அளந்து, சுவரில் சோக்குக் கட்டியால் திகதியோடு குறித்து வைத்திருக்கிறேன். விரலைக் கடி வாங்கிய பொடியன் இப்போது தனக்கென்று சின்னதாக ஒன்று செய்கிறான், 6 மில்லி அலன் கீயில். தகர வேலைக்கு அது போதும் என்கிறான். நேற்று நுனியை நீலம் பாய விட்டுவிட்டான். இன்றைக்குத் திரும்பத் தீட்டிக்கொண்டிருக்கிறான், பக்கத்தில் தண்ணீர் வாளியோடு.