கொடைக்கானல் குளிரில் சவுரி சேர்த்த பின்னல்: நீண்ட நாள் அனுபவம்

கொடைக்கானலில் சுருட்டை முடியைப் பராமரிப்பது எளிதன்று. காலையில் படிய வாரிய முடி, மூடுபனியில் கடைவீதி வரை போய்வந்தாலே சிலிர்த்துக்கொள்ளும். சிக்கெடுத்தால் சீப்பு நிறைய முடி வரும். தினமும் சீவும் தேய்மானத்திலிருந்து முடிக்கு ஓய்வு தரவே, ஆப்பிரிக்க வம்சாவளிப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகப் பேணிவரும் 'பாக்ஸ் பிரெய்ட்' பின்னலை (தலையைச் சிறுசிறு கட்டங்களாக வகிடெடுத்து, ஒவ்வொரு கட்டத்து முடியையும் தனித்தனியாகப் பின்னுவது) சில ஆண்டுகளாகச் சவுரி சேர்த்துப் போட்டுவருகிறேன். முடி முறிவது நன்றாகக் குறைந்திருக்கிறது. ஆனால் அந்தப் பலன், சவுரியின் எடையையும் பின்னும் காலத்தையும் கவனித்துத் தேர்ந்தெடுத்தால்தான் கிட்டும்.

கல்யாணத்துக்கு வைக்கும் சவுரியை அன்றிரவே கழற்றிவிடுகிறோம். இந்தப் பின்னலோ ஆறு முதல் எட்டு வாரம் வரை தலையிலேயே இருப்பதால், அதன் பாரம் முழுவதையும் முடியின் வேர்தான் சுமக்க வேண்டும். வேரிலேயே சவுரியை முடிச்சிட்டுத் தொடங்கும் பழைய முறையைவிட, சொந்த முடியில் பின்னத் தொடங்கிச் சவுரியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக்கொண்டே போகும் 'நாட்லெஸ்' முறையையே நான் விரும்புகிறேன். அதற்கு நேரமும் கூலியும் கூடுதல். ஆனால் முதல் நாள் இரவே தலையணையில் நிம்மதியாகத் தலைவைக்க முடிகிறது. இறுக்கமான முடியலங்காரத்தால் நெற்றியோரம் வழுக்கை விழுவது கிரீன்லாந்துப் பெண்களிடம் 1907இலேயே பதிவாகியிருக்கிறது. பின்னும்போது நெற்றியோரத்தில் சிறு கொப்புளங்கள் எழுந்தாலோ புருவம் மேலே இழுபட்டாலோ, உடனே தளர்த்தச் சொல்லிவிட வேண்டும். தோள்பட்டைக்குச் சற்றுக் கீழ்வரை நீளம் போதும். இடுப்பு வரை ஆசைப்பட்டால் கழுத்துதான் வலிக்கும்.

மனித முடியா, செயற்கை இழையா என்பது அடுத்த கேள்வி. பழனி மலையடிவாரத்தில் காணிக்கையாகும் முடி ஏலத்தில் விற்கப்படுவது நமக்குத் தெரிந்ததே. மனித முடி அழகுதான், ஆனால் விலை அதிகம், பின்னலில் வழுகும், நீரை உறிஞ்சிப் பாரமாகும். அதனால் எனக்குக் கானெகலான் போன்ற செயற்கை இழையே ஒத்துவருகிறது. புது இழையின் மேற்பூச்சு சிலருக்குக் கடும் அரிப்பைத் தரும். வினிகர் கலந்த நீரில் ஊறவைத்து, அலசி, நன்றாகக் காயவைத்த பிறகே பின்னக் கொடுக்கிறேன்.

மலைவாசிகள் அதிகம் யோசிக்க வேண்டியது ஈரத்தைப் பற்றித்தான். வெளிப்பக்கம் தொட்டால் காய்ந்ததுபோல் இருந்தாலும், பின்னலின் உள்ளே ஈரம் தங்கிவிடும். அதோடு கம்பளிக் குல்லாவையும் மாட்டிக்கொண்டால் இரண்டே நாளில் ஊசல் வாடை வந்துவிடும். எனவே வெயில் அடிக்கும் நாளில் முற்பகலிலேயே தலைக்குக் குளித்து, துண்டால் ஒவ்வொரு பின்னலாகப் பிழிந்து, மிதமான சூட்டில் டிரையர் காட்டுகிறேன். குல்லாவின் உட்புறம் பழைய பட்டுப்புடவைத் துண்டு ஒன்றைத் தைத்திருப்பதால் கம்பளி முடியை உரசுவதில்லை. எண்ணெயிலும் கவனம் வேண்டும். தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும் என்பதால், இந்தக் குளிரில் அது வகிடெங்கும் வெள்ளை வெள்ளையாகத் திட்டுக்கட்டிப் பொடுகுபோல் தெரியும். நல்லெண்ணெயை விரல்நுனியில் தொட்டு வகிட்டில் மட்டும் தடவினால் அந்தத் தொல்லை இல்லை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை, அடைமழைக் காலத்தில், நான் பின்னுவதே இல்லை.

அவிழ்க்கும் நாளில் கை நிறைய முடி வருவதைப் பார்த்து யாரும் பதற வேண்டாம். நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி வரை உதிர்வது இயல்பு. அத்தனை வாரமும் உதிர்ந்தவை பின்னலுக்குள்ளேயே தங்கியிருந்து ஒன்றாக வெளிவருகின்றன. வேரோரம் சேர்ந்த அழுக்கு முடிச்சை விரலால் பிரித்த பிறகே தலையில் தண்ணீர் படலாம். இல்லையென்றால் அது சடையாகத் திரண்டுவிடும். மறுபடி பின்னுவதற்கு முன் இரண்டு வாரமாவது இடைவெளி விடுகிறேன்.

வழவழப்பான நேர்முடி உள்ளவர்களுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பின்னல் சீக்கிரம் வழுகும். வழுகாமலிருக்க இறுக்கினால் வேர் நோகும். அவர்களுக்குத் தளர்வான இரட்டைச் சடையே போதும்.