ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் மக்கர் பண்ணினால்: ஷோரூமா, வெளிப் பட்டறையா, பழைய பெட்டியா?

வண்ணாரப்பேட்டையிலும் முருகன்குறிச்சியிலும் சாயங்கால நேரத்தில் பெரிய வண்டி ஓட்டுகிறவர்களுக்கு ஆட்டோமேட்டிக்கின் அருமையை யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. வாங்கும்போது மைலேஜ், சன்ரூஃப், ஏழு சீட்டு எல்லாம் விசாரிக்கிறோம். கியர்பாக்ஸ் கெட்டால் யார் பார்ப்பார், எங்கே கொண்டுபோவது என்று விசாரிப்பவர் அபூர்வம். திருநெல்வேலிக்காரர் முதலில் கேட்கவேண்டியதே அதைத்தான். கியர்பாக்ஸ் பெட்டியைத் திறந்து வேலை பார்க்கிற தனிப் பட்டறைக்கு நம்ம பக்கத்து ஆட்கள் பெரும்பாலும் மதுரை, கோவை, சென்னை என்றுதான் போகிறார்கள். மதுரையே 150 கிலோமீட்டருக்கு மேல்.

பெட்டி கெட்டவர் முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன. கம்பெனி ஷோரூமில் முழு அசெம்பிளியை மாற்றுவது ஒன்று. வெளியில் கியர்பாக்ஸ் மட்டுமே பார்க்கிற பட்டறையில் திறந்து சரிசெய்வது இரண்டு. வேறு வண்டியில் இருந்து கழற்றிய பழைய பெட்டியை வாங்கி மாட்டுவது மூன்று. என் முடிவை முன்னாடியே சொல்லிவிடுகிறேன். வாரண்டி இருந்தால் ஷோரூம். வாரண்டி முடிந்திருந்தால் நல்ல வெளிப் பட்டறை. பழைய பெட்டி கடைசி வழி. எந்த வழியில் போனாலும், என்ன பழுது என்று தெரியாமல் ஒரு போல்ட்டைக் கூடக் கழற்றவிடக் கூடாது.

என் மைத்துனருடைய ஏழு சீட்டு டீசல் வண்டி வள்ளியூர் தாண்டிப் போகும்போதெல்லாம் 50, 60 வேகத்தில் அதிர ஆரம்பித்தது. அப்புறம் நின்று கிளம்பும்போது லிவரை டி-யில் (டிரைவ்) போட்டதும் டொக்கென்று ஓர் இடி. ஷோரூமில் விட்டார். இரண்டு நாள் கழித்து வந்த எஸ்டிமேட்டில் கியர்பாக்ஸுக்கு ஒரே ஒரு வரி: டிரான்ஸ்மிஷன் அசெம்பிளி, எண்ணிக்கை 1. பக்கத்தில் லட்சங்களில் தொகை. ஸ்கேனரில் என்ன கோடு, அதாவது பழுதுக் குறியீடு, வந்தது என்று கேட்டதற்கு, “அதெல்லாம் கஸ்டமருக்குக் கொடுக்க மாட்டோம் சார்” என்றார் அட்வைசர். வண்டி அவருடையது, காசு அவருடையது. நோயின் பெயர் மட்டும் அவருக்குச் சொல்லக் கூடாதாம். இதைக் கேட்டு எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

ஷோரூமின் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. பல கம்பெனிகள் பெட்டிக்குள்ளே இருக்கும் கிளட்ச் பிளேட், சீல், சோலினாய்டு (எண்ணெய் வழியைத் திறந்து மூடுகிற மின்வால்வு) போன்றவற்றைத் தனித்தனியாக டீலருக்கு அனுப்புவதில்லை, முழுப் பெட்டியாகத்தான் அனுப்புகின்றன. ஊரில் இருக்கிற டெக்னீஷியனுக்குத் திறந்து கோர்க்கிற பயிற்சியும் கிடைப்பதில்லை. எனவே “மாற்றிவிடலாம்” என்பதுதான் அவர்களுக்குத் தெரிந்த வைத்தியம். புதுப் பெட்டி வந்தால் அதற்கு எழுத்தில் வாரண்டி கிடைக்கும், சாஃப்ட்வேரும் முறையாக ஏறும். இந்த இரண்டும் வெளியில் எளிதாகக் கிடைக்காதவை. ஆனால் பெட்டி வந்துசேர எத்தனை வாரம் ஆகும் என்று உறுதியாகச் சொல்ல ஆள் இருக்காது.

மைத்துனர் வண்டியை மதுரைக்கு ஏற்றினோம். இங்கே ஒரு சங்கதியை அழுத்திச் சொல்லவேண்டும். டோயிங் ஆள் வந்ததும், “அண்ணாச்சி, நியூட்ரல்ல போட்டுருங்க, கயிறு கட்டி மெதுவா இழுத்துருவோம்” என்றார். கூடாது. ஆட்டோமேட்டிக் பெட்டிக்குள் எண்ணெயைச் சுற்றவிடுகிற பம்ப் இன்ஜின் ஓடினால்தான் ஓடும். இன்ஜின் நின்றிருக்கும்போது சக்கரம் மட்டும் சுழன்றால், எண்ணெய் இல்லாமலே உள்ளே உலோகம் உரசும். நூறு கிலோமீட்டர் இழுத்துக்கொண்டு போனால் சின்னப் பழுதோடு கிளம்பிய பெட்டி செத்த பெட்டியாகப் போய்ச்சேரும். நாலு சக்கரமும் தரையில் படாத பிளாட்பெட் லாரிதான் வேண்டும். வாடகை கூடத்தான் ஆகும், கொடுத்துவிடுங்கள்.

மதுரைப் பட்டறையில் முதலில் ஸ்கேனர் மாட்டினார்கள். ஒரு குறிப்பிட்ட சோலினாய்டின் பெயரோடு கோடு வந்தது. அதோடு நிற்காமல் வண்டியைத் தூக்கி எண்ணெயை வடித்து, ஒரு வெள்ளைத் துணியில் கொஞ்சம் தொட்டு வைத்தார் மெக்கானிக். சிவப்பு போய்ப் பழுப்பாகியிருந்தது, ஆனால் தீய்ந்த வாடை இல்லை. அப்புறம் ஆயில் பேனைக் கழற்றி, அடியில் ஒட்டியிருந்த காந்தங்களை எடுத்து விரலால் வழித்துக் காட்டினார். “பாருங்கண்ணே, சாம்பல் கலர்ல மாவாத்தான் இருக்கு. இது தேய்மானம், எல்லாப் பெட்டியிலயும் இருக்கும். சில்லு சில்லா மின்னுனாத்தான் உள்ள எதோ உடைஞ்சிருக்குன்னு அர்த்தம்.” சோலினாய்டுகள் உட்கார்ந்திருக்கிற வால்வ் பாடியை இறக்கிச் சுத்தம் செய்து, கெட்ட சோலினாய்டை மாற்றி, புது ஃபில்டர், புது எண்ணெய் போட்டார்கள். ஷோரூம் கேட்டதில் சிறு பங்குதான் செலவு. வண்டி இன்றைக்கும் ஓடுகிறது.

ஒரு வண்டியை வைத்து எல்லா ஷோரூமையும் குறை சொல்ல முடியாது, எல்லா வெளிப் பட்டறையையும் மெச்சவும் முடியாது. வெளியில் இருக்கிற பெரிய ஆபத்து எண்ணெய். இன்ஜின் ஆயிலில் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் வண்டி பொறுத்துக்கொள்ளும். ஆட்டோமேட்டிக் பெட்டி பொறுக்காது. ஃபோர்டு எண்டெவரையே எடுத்துக்கொள்ளுங்கள். பழைய ஆறு கியர் பெட்டிக்கு மெர்கான் எல்வி, 2020-இல் வந்த பத்து கியர் பெட்டிக்கு மெர்கான் யுஎல்வி. வெளியே வண்டியின் பெயர் ஒன்றுதான், உள்ளே குடிக்கிற எண்ணெய் வேறு. “எல்லா ஆட்டோமேட்டிக்குக்கும் இதுதான்” என்று ஒரே டின்னைக் காட்டுகிற பட்டறையில் வண்டியை விடாதீர்கள். எண்ணெய் மட்டத்தைப் பார்க்கும்போது ஸ்கேனரில் எண்ணெயின் வெப்பநிலையையும் பார்க்கிறாரா என்று கவனியுங்கள். இன்று வருகிற பெரும்பாலான பெட்டிகளில் மட்டம் பார்க்கிற டிப்ஸ்டிக் குச்சி கிடையாது. இன்ஜினை ஓடவிட்டு, கம்பெனி சொன்ன வெப்பநிலையில்தான் மட்டம் பார்க்கவேண்டும். அதைப் பார்க்காமல் ஊற்றினால் குறையும், அல்லது கூடும். இரண்டுமே கெடுதல்தான்.

எண்ணெய் மாற்றுவதைப் பற்றியும் ஷோரூமில் ஒரு பேச்சு உண்டு: “இது லைஃப்டைம் ஆயில் சார், மாத்தவே வேண்டாம்.” பெட்டிகளைச் செய்கிற ஜெர்மனியின் இசட்எஃப் நிறுவனமே, ஓட்டுகிற விதத்தைப் பொறுத்து 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், இல்லாவிட்டால் 8 வருடத்துக்குள் எண்ணெயை மாற்றச் சொல்கிறது. சித்திரை வெயிலில் ஆள் நிறைய ஏற்றிக்கொண்டு மாஞ்சோலை மலைப்பாதையில் ஏறுகிற வண்டிக்கு நான் அதில் கீழ்க்கணக்கையே எடுத்துக்கொள்வேன்.

பெட்டியின் வகையும் கணக்கில் வரவேண்டும். ஃபார்ச்சூனர், எக்ஸ்யுவி 700, ஸ்கார்ப்பியோ-என் மூன்றிலும் இருப்பது ஜப்பானின் ஐசின் செய்கிற ஆறு கியர் டார்க் கன்வெர்ட்டர் (இன்ஜின் சக்தியை எண்ணெய் வழியாகக் கடத்துகிற வகை) பெட்டிகள். மாடல் வேறு வேறு என்றாலும் அடிப்படை ஒன்று. ஹாரியர், சஃபாரி டீசல் ஆட்டோமேட்டிக்கும் டார்க் கன்வெர்ட்டர்தான். வெளிப் பட்டறைக்காரர்களுக்குக் கை பழகிய வகை இது. கோடியாக், டிகுவான் போன்றவற்றில் வருகிற டிஎஸ்ஜி, இரண்டு கிளட்ச் மாறி மாறிப் பிடிக்கிற இரட்டை கிளட்ச் வகை. அதில் மெக்கட்ரானிக் என்கிற மூளைப் பகுதி கெட்டால், அதற்கென்றே கருவியும் சாஃப்ட்வேரும் உள்ளவரிடம்தான் போகவேண்டும். தெரு முனையில் “பாத்துக்கலாம்” என்பவரிடம் கொடுக்கக் கூடாது. எந்த வண்டி நல்ல வண்டி என்ற சண்டைக்கு நான் வரவில்லை. பழுது பார்க்க ஆள் இருக்கிற வண்டி எது என்று கேட்டால், நெல்லையில் இருந்துகொண்டு டார்க் கன்வெர்ட்டர் பக்கம்தான் கை காட்டுவேன்.

சரி, பழைய பெட்டிக்கு வருவோம். சென்னை புதுப்பேட்டையில் கிடைக்காத பாகம் இல்லை என்பார்கள். விலையும் புதுசைவிட ரொம்பக் குறைவு. ஆனால் அந்தப் பெட்டி எந்த வண்டியில் இருந்து வந்தது? 2023 டிசம்பரில் முதலில் சென்னை மிக்ஜாம் புயலில் மூழ்கியது. அடுத்த இரண்டு வாரத்துக்குள், 17, 18 தேதிகளில், நம்ம தாமிரபரணி ஊருக்குள் வந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. தண்ணீரில் நின்று, இன்சூரன்ஸ் கம்பெனி கழித்துக்கட்டிய வண்டிகளின் பாகங்கள் எங்கேயோ போய்த்தானே ஆகவேண்டும். கியர்பாக்ஸின் மேலே காற்றுக்காக ஒரு சின்ன வென்ட் இருக்கும். வெள்ளம் அதுவரை ஏறினால் தண்ணீர் உள்ளே இறங்கிவிடும். கிளட்ச் பிளேட்டின் மேல் ஒட்டியிருக்கும் உராய்வுப் பட்டை காகித வகையைச் சேர்ந்தது. தண்ணீர் பட்டால் அது ஊறி, பசை விட்டு உரிந்துவரும். வெளியே துடைத்துப் பெயின்ட் அடித்து வைத்தால் கண்ணுக்குத் தெரியாது. எண்ணெய் பால் கலந்த இளஞ்சிவப்பாக இருந்தால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள். எண்ணெயே இல்லாமல் வடித்துவைத்திருந்தால் சந்தேகம் இன்னும் கூடவேண்டும். பெட்டியின் கம்ப்யூட்டர் பழைய வண்டியின் சேசிஸ் எண்ணோடு பூட்டப்பட்டிருந்தால், உங்கள் வண்டியில் மாட்டினாலும் அது பேசாது. பிறகு அதை உங்கள் வண்டியோடு சேர்க்கிற கோடிங் போட ஆள் தேடி அலையவேண்டும்.

கம்பெனி உற்பத்தியை நிறுத்திய வண்டிகளுக்கு வேண்டுமானால் இந்த வழியை யோசிக்கலாம். எண்டெவர் மறைமலை நகரில் தயாரான வண்டி. 2021 செப்டம்பரில் இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக ஃபோர்டு அறிவித்தது. அப்படிப்பட்ட வண்டிக்கும் முதலில் திறந்து சரிசெய்ய முடியுமா என்று பார்த்துவிட்டுத்தான் பழைய பெட்டி.

“வெளியில் பார்த்தால் வாரண்டி போய்விடும்” என்று பயமுறுத்துவதைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரி பாகங்களையும் பழுது கண்டறியும் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்காமல் செய்ததுதான் குற்றம். வெளியில் சர்வீஸ் செய்தார் என்பதற்காகவே ஒட்டுமொத்தமாக வாரண்டியை ரத்து செய்யக் கூடாது என்றும் அந்த உத்தரவு சொன்னது. வழக்கு மேல்முறையீட்டுக்குப் போனது வேறு விஷயம். ஆனாலும் வாரண்டிக் காலத்தில் கியர்பாக்ஸை வெளியில் திறக்காதீர்கள் என்றுதான் சொல்வேன். உரிமை ஒருபக்கம் இருக்க, வெளியில் திறந்ததுதான் பழுதுக்குக் காரணம் என்று அவர்கள் சொல்ல இடம் கொடுக்கக் கூடாது. நீட்டிப்பு வாரண்டி வாங்குவதென்றால் முதல் வாரண்டி முடியும் முன்பே வாங்கவேண்டும். அதில் கியர்பாக்ஸின் எந்தெந்தப் பாகம் சேர்த்தி என்று வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

ஷோரூமோ பட்டறையோ, ஜாப் கார்டில் “கியர் சத்தம்” என்று மட்டும் எழுதவிடாதீர்கள். எந்த வேகத்தில், எந்த கியரில், இன்ஜின் சூடான பிறகா முன்பா என்று எழுதச் சொல்லுங்கள். ஸ்கேன் ரிப்போர்ட்டின் நகலையும் மாற்றிய பழைய பாகத்தையும் கேட்டு வாங்குங்கள். பிரச்சினை முற்றினால் இவைதான் சாட்சி. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வண்டியைச் சென்னையில் வாங்கியிருந்தாலும் நீங்கள் குடியிருக்கிற மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். பிரச்சினை எழுந்த நாளில் இருந்து 2 வருடத்துக்குள் போடவேண்டும். பொருளுக்கோ வேலைக்கோ நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு ஒரு போன் போட்டுப் புகாரைப் பதிவு செய்யுங்கள்.