மாடி வீட்டைக் கம்பெனியிடம் விட்டேன், 1,12,000 ரூபாய் போச்சு. வீட்டுக்காரர்கள் கொஞ்சம் படியுங்கள்

நேற்று சாயங்காலம்தான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 1,12,000 ரூபாய். செப்டம்பர் வாடகையும் வரவில்லை, இனி வரப்போவதும் இல்லை. கை நடுங்குகிறது, இருந்தாலும் இன்றைக்கே எழுதிவிடுகிறேன். நாலு நாள் போனால் "வெளியில் சொல்லி என்ன ஆகப்போகுது" என்று என் மகனே தடுத்துவிடுவான். இனிமேல் என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது என்பதையும் கடைசியில் எழுதுகிறேன்.

வீடு அம்பத்தூர் பக்கம். என் வீட்டுக்காரர் அங்கே தொழிற்பேட்டையில் லேத் ஓட்டியவர். அவருடைய பி.எஃப். பணத்தில்தான் மாடி எடுத்தோம். அவர் போய் ஆறு வருஷம் ஆகிறது. கீழே நான் மட்டும். என் மாத்திரை, மளிகை, சிலிண்டர் எல்லாமே அந்த மாடி வாடகையில்தான் ஓடுகிறது.

போன வருஷம் ஜூலையில் பழைய குடித்தனக்காரர் காலி செய்தார். அட்வான்ஸில் பெயின்ட்டுக்கு ஒரு மாத வாடகை பிடிப்பது எங்கள் தெருவில் வழக்கம். அவர் ஒத்துக்கொள்ளவில்லை, வாசலில் நின்று சத்தம் போட்டார். கடைசியில் பாதிக்குப் பாதி என்று முடித்தோம். அந்தச் சண்டையில் எனக்கு மனசு விட்டுப்போச்சு. மகன் கோயம்புத்தூரிலிருந்தபடியே வாடகை வீடு தேடும் ஒரு செயலியில் விளம்பரம் போட்டான். ஒரு மணி நேரத்தில் போன் வந்தது.

வீடுகளைப் பராமரித்துத் தரும் கம்பெனியாம். ஆள் வைப்பது, வாடகை வசூல், பெயின்ட், குழாய் ரிப்பேர் எல்லாம் அவர்கள் பொறுப்பாம். வீடு பூட்டிக் கிடந்தாலும் ஐந்தாம் தேதி என் கணக்கில் 16,000 விழுமாம்.

மறுநாள் ஒரு பையன் வந்தான். செருப்பைக் கேட்டுக்கு வெளியிலேயே கழற்றிவிட்டு வந்தான். மோர் கொடுத்தேன், டம்ளரை அவனே கொண்டுபோய்த் தொட்டியில் வைத்தான். சுவரில் இருந்த அவர் படத்தைப் பார்த்துவிட்டு, "அப்பா இருந்திருந்தா இந்த அலைச்சல் உங்களுக்கு வந்திருக்குமாம்மா? நாங்க பார்த்துக்கறோம்" என்றான். அந்த ஒரு வார்த்தையில் நான் விழுந்துவிட்டேன். இரண்டு மாத வாடகை 32,000 ரூபாயை அட்வான்ஸாக அப்போதே என் கணக்கில் போட்டான். வீட்டு வரி ரசீது, கரண்ட் பில், ஆதார் எல்லாவற்றுக்கும் நகல் கேட்டான், கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். பதிவு செய்ய வேண்டாமா என்று கேட்டதற்கு, "11 மாசம்தானேம்மா, அதுக்கு மேல போனாத்தான் சப் ரிஜிஸ்தரார் ஆபீஸ்" என்றான். முத்திரைத்தாளில் எட்டுப் பக்கம். "இரண்டாம் தரப்பினர் தம் விருப்பப்படி எவருக்கும் வாடகைக்கோ குத்தகைக்கோ விடலாம்" என்று ஆறாம் பக்கத்தில் இருந்ததை நான் படிக்கவில்லை.

ஒரே வாரத்தில் ஒரு சின்னக் குடும்பம் குடிவந்தது. கைக்குழந்தை. ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை ஐந்து மாதம் வாடகை தேதி தவறவில்லை. பக்கத்துத் தெருவில் இருக்கும் என் நாத்தனாரிடம்கூட இந்தக் கம்பெனியைப் பற்றிப் பெருமையாகச் சொன்னேன். நல்லவேளை, அவள் வீட்டைக் கொடுக்கவில்லை.

ஜனவரியில் நின்றது. கேட்டால் பொங்கல் லீவு என்றார்கள். பிப்ரவரியில் "பேங்க் மாத்தறோம்மா, இரண்டு மாசமும் சேர்ந்து வந்துடும்." மார்ச்சில் ஆடிட். அப்புறம் அந்தப் பையன் போனை எடுப்பதே இல்லை. வேறொரு பெண் எடுத்து, அவன் வேலையை விட்டுப் போய்விட்டதாகச் சொன்னாள். "உங்க கம்ப்ளைன்ட் நோட் பண்ணிட்டோம் மேடம், 48 மணி நேரத்தில கூப்பிடுவாங்க." இதை எத்தனை தடவை கேட்டேன் என்று கணக்கே இல்லை. ஏப்ரல் வெயிலில் இரண்டு பஸ் மாறி அவர்கள் ஆபீஸுக்குப் போனேன். ஷட்டர் இறங்கிக் கிடந்தது. கீழே ஜெராக்ஸ் கடைக்காரர், "உங்களை மாதிரி தினமும் நாலு பேர் வர்றாங்கம்மா" என்றார். விளம்பரம் போட்ட செயலிக்காரர்களைக் கேட்டால், விளம்பரம் போடுவதோடு தங்கள் வேலை முடிந்தது என்கிறார்கள்.

அன்று ராத்திரியே மாடி ஏறினேன். குடியிருப்பவர்களிடம் பணத்தைப் பற்றிப் பேசக் கூடாது என்று கம்பெனி சொல்லியிருந்ததால் அதுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. "வாடகையை யாருக்கும்மா கொடுக்கறீங்க?" என்றேன். அந்தப் பெண் என்னைப் பார்த்து விழித்தாள். "வாடகையா? நாங்க லீஸுக்குத்தானே ஆன்ட்டி வந்தோம். 7 லட்சம் கொடுத்திருக்கோமே."

லீஸ் என்றால் தெரியும்தானே, போக்கியம். மொத்தப் பணத்தைக் கொடுத்துவிட்டு வாடகை இல்லாமல் இருந்து, காலி செய்யும்போது முழுசாகத் திருப்பி வாங்கிக்கொள்வது. என்னிடம் 11 மாதத்துக்குக் கையெழுத்து வாங்கியவர்கள், அவர்களிடம் இரண்டு வருஷத்துக்கு 7 லட்சம் வாங்கியிருக்கிறார்கள். அந்தப் பணத்திலிருந்துதான் எனக்கு மாதம் 16,000 கொடுத்து வந்திருக்கிறார்கள். அவள் ஃபைலை எடுத்துக் காட்டினாள். உள்ளே என் வரி ரசீது, என் கரண்ட் பில், என் கையெழுத்து. வீட்டுக்காரம்மாவிடம் லீஸ் பற்றிப் பேசினால் வரிப் பிரச்சினை வரும் என்று அவர்களையும் வாயைக் கட்டி வைத்திருக்கிறார்கள். ஒரே கேட்டில் எட்டு மாதம் போய்வந்திருக்கிறோம், இரண்டு பக்கமும் தெரியவில்லை.

அவர்கள் கொடுத்த பணத்தில் பாதி அவளுடைய கல்யாண நகையை விற்றது. பணம் கைக்கு வந்தால் மறுநாளே காலி செய்வதாகச் சொல்கிறார்கள். யாரிடமிருந்து வரும்? அவள் மாமனார் ஊரிலிருந்து வந்து, தெருவே கேட்கும்படி, நானும் அந்தக் கம்பெனியோடு கூட்டு என்று கத்தினார். அந்த 7 லட்சத்தில் ஒரு ரூபாயை நான் கண்ணால் பார்த்ததில்லை. அன்றைக்கு நான் சாப்பிடவில்லை.

மோட்டார் போடாதே, தண்ணீர் இல்லையென்றால் தானாகப் போய்விடுவார்கள் என்று பலர் சொன்னார்கள். செய்யவில்லை. தண்ணீரையும் கரண்டையும் வீட்டுக்காரர் நிறுத்தக் கூடாது என்று சட்டத்திலேயே இருக்கிறது. அது இல்லாவிட்டாலும் மேலே ஒரு குழந்தை இருக்கிறது.

காவல் நிலையத்துக்கு இரண்டு முறை போனேன். "ஒப்பந்தம் நீங்கதானேம்மா போட்டீங்க, இது சிவில், கோர்ட்டுக்குப் போங்க" என்று அனுப்பிவிட்டார்கள். வக்கீல்தான் இது மோசடி என்றார். புதுக் குற்றச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 318-வது பிரிவு, முன்னால் 420 என்று சொல்வோமே அதுதான். ஆனால் அவரும் முதலில் கேட்டது, "அக்ரிமென்ட்டைப் பதிஞ்சீங்களா?" என்றுதான். 2017-இல் தமிழ்நாட்டில் புது வாடகைச் சட்டம் போட்டு, 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் இருக்கிறதாம். 11 மாதமானாலும் ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டுமாம், இணையத்திலேயே செய்யலாமாம். அந்தப் பையன் சொன்ன சப் ரிஜிஸ்தரார் கணக்கு வேறு சட்டம். இரண்டையும் குழப்பி என் தலையில் கட்டிவிட்டான்.

ஒன்பது மாத வாடகை 1,44,000. அட்வான்ஸ் 32,000-ஐக் கழித்தால் 1,12,000 ரூபாய். இன்னும் வக்கீல் ஃபீஸ் சேர்க்கவில்லை. மாடியில் ஆள் இருக்கும்வரை இது மாதம் 16,000 ஏறிக்கொண்டேதான் போகும்.

விவரமாக எழுத நினைத்தேன், மணி பதினொன்று ஆகிவிட்டது. இதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். குடியிருக்கப் போகிறவரிடம் நேராகப் பேசாமல், நடுவில் இருப்பவர் பேச்சை நம்பி வீட்டுச் சாவியைக் கொடுக்காதீர்கள். உள்வாடகை, குத்தகை என்ற வார்த்தை எந்தப் பக்கத்தில் இருந்தாலும் அடித்து நீக்கச் சொல்லுங்கள். நகல் கொடுத்தால் எதற்காக, யாருக்கு என்று அதன்மேலேயே எழுதுங்கள். பதிந்துவிடுங்கள். லீஸுக்குப் போகிறவர்களும் வீட்டுக்காரரை நேரில் பார்த்துக் கேட்காமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

நாளை காலை பத்து மணிக்கு மேல்வீட்டுப் பெண்ணும் நானும் சேர்ந்து குற்றப்பிரிவில் புகார் கொடுக்கப் போகிறோம். அவள் பேங்க் ஸ்டேட்மென்ட் எடுத்து வைத்துவிட்டாள், நான் என்னுடையதை இன்னும் எடுக்கவில்லை.