வாடகைக்கு வீடு தேடுபவரின் பார்வையில் நியூயார்க் நகரின் கட்டடப் பதிவேடு

நியூயார்க்கில் வாடகை வீடு தேடி இருமுறை அலைந்திருக்கிறேன். முதல் முறை சுவரின் புதுப் பூச்சையும் ஜன்னல் வெளிச்சத்தையும் நம்பிக் கையெழுத்திட்டேன். பிறகு ஹீட்டிங் வேலை செய்யாத இரவுகளில் யாரைக் கேட்பது என்று தெரியாமல், காசோலையில் எழுதும் ஏதோ ஒரு எல்.எல்.சி.யின் (வரையறுத்த பொறுப்புள்ள நிறுவனத்தின்) பெயரைத் தவிர வேறெதுவும் அறியாமல் ஒரு குளிர்காலம் முழுவதையும் கழித்தேன். இரண்டாம் முறை, வீட்டைப் பார்க்கப் புறப்படும் முன்பே அதன் முகவரியை நகர வீட்டுவசதித் துறையின் 'எச்.பி.டி. ஆன்லைன்' தளத்தில் தேடிப் பார்த்தேன். கட்டணமில்லாத அந்தச் சேவையையும் அதற்கு அடித்தளமான பதிவு விதியையும் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட குடியிருப்புகள் உள்ள ஒவ்வொரு கட்டடத்தையும் அதன் உரிமையாளர் ஆண்டுதோறும் செப்டம்பர் 1-ஆம் தேதிக்குள் நகர நிர்வாகத்திடம் பதிவு செய்ய வேண்டும். ஒன்று அல்லது இரண்டு குடியிருப்புகள் மட்டுமே உள்ள வீடும், உரிமையாளரோ அவருடைய நெருங்கிய குடும்பத்தினரோ அங்கே வசிக்கவில்லை என்றால், இவ்விதிக்குள் வரும். கட்டணம் கட்டடத்துக்கு 13 டாலர்தான். ஒரு மாத வாடகைக்கு முன்னால் இந்தத் தொகை ஒன்றுமே இல்லை என்பதால், பணம் ஈட்டுவதற்காக வகுத்த விதி இது என்று யாரும் குறைகூற முடியாது.

இந்த விதியில் எனக்கு மிகவும் பிடித்தது, அது கேட்கும் விவரங்கள். உரிமையாளர் ஒரு நிறுவனமாக இருந்தால் அதன் பொறுப்பாளர்களின் பெயர்களைத் தர வேண்டும். அஞ்சல் பெட்டி எண்ணை முகவரியாகக் காட்டித் தப்பித்துக்கொள்ள இயலாது. மேலாண்மை முகவராக நிறுவனத்தின் பெயரை மட்டும் எழுதினால் போதாது, 21 வயது நிரம்பிய ஒரு மனிதரையே குறிப்பிட வேண்டும். அவர் நகருக்குள் வசிக்க வேண்டும் அல்லது நகருக்குள் அலுவலகம் வைத்திருக்க வேண்டும். இவற்றோடு, இருபத்து நான்கு மணி நேரமும் தொடர்புகொள்ளக்கூடிய ஒரு தொலைபேசி எண்ணும் தேவை. குடியிருப்பவர் நகரின் புகார் தொலைபேசியான 311 எண்ணில் புகார் செய்யும்போது துறை முதலில் அழைப்பது இந்த முகவரைத்தான். வாடகைக்கு இருப்பவருக்கு உரிமையாளரின் முகம் தெரியாமல் போவதே பெருநகரங்களில் பாதிச் சிக்கலுக்குக் காரணம் என்று கருதுபவன் நான் என்பதால், இந்த ஒரு காரணத்துக்காகவே விதிக்கு உயர்ந்த மதிப்பெண் தருவேன்.

பதிவு செய்யாதவருக்கு 250 முதல் 500 டாலர் வரை அபராதம் உண்டு. பெரிய கட்டடத்தின் உரிமையாளருக்கு இது கொசுக்கடிதான். விதியின் பல் வேறிடத்தில் இருக்கிறது: பதிவு காலாவதியாகிவிட்டால், வாடகை பாக்கிக்காக வீட்டுவசதி நீதிமன்றத்தில் வழக்குத் தொடர முடியாது, விதிமீறல்களைச் சரிசெய்துவிட்டோம் என்று துறைக்குச் சான்றளிக்கவும் முடியாது. (பாக்கியே ரத்தாகிவிடும் என்று சிலர் எண்ணுகிறார்கள், அது தவறு, பதிவைப் புதுப்பித்த பின் உரிமையாளர் வழக்குத் தொடரலாம்.)

இனி தளத்துக்கு வருவோம். பரோ (நகரின் ஐந்து பெரும் பிரிவுகளில் ஒன்று), கதவு எண், தெரு ஆகியவற்றைக் கொடுத்தால் பதிவு நிலை, பதிவு செய்தவர்களின் பெயர்கள், அலுவலக முகவரிகள், புகார்கள், வழக்குகள், மூட்டைப்பூச்சி பற்றிய ஆண்டறிக்கை என எல்லாம் வரும். நான் அதிக நேரம் செலவிட்டது விதிமீறல் பட்டியலில்தான். அவை மூன்று வகைப்படும். ஏ வகை ஆபத்தில்லாதது. சரிசெய்ய 90 நாள் அவகாசம் உண்டு. பி வகை ஆபத்தானது, 30 நாள். சி வகை உடனடி ஆபத்து. பெரும்பாலானவற்றுக்கு 24 மணி நேரம்தான். ஹீட்டிங் இல்லாமை சி வகையில் சேரும். அக்டோபர் 1 முதல் மே 31 வரை, வெளியே வெப்பநிலை 55 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே போனால் பகலில் வீட்டுக்குள் குறைந்தது 68 டிகிரி இருக்க வேண்டும் என்பதும், இரவில் வெளிக்குளிர் எவ்வளவாக இருந்தாலும் 62 டிகிரிக்குக் குறையக் கூடாது என்பதும் முதல் வீட்டில் இருந்தபோது எனக்குத் தெரியாமல் போயிற்று.

பட்டியலைப் படிக்கச் சற்று நிதானம் வேண்டும். எண்ணிக்கையை மட்டும் பார்த்து அஞ்சினால் நல்ல வீடும் கைநழுவலாம், ஏனெனில் பழுது எப்போதோ சரியாகியிருந்தும், உரிமையாளர் முறைப்படி சான்றளிக்காததால் ஏட்டில் அப்படியே நிற்கும் பதிவுகள் பல. ஒரே குடியிருப்பில் ஒரே குறை குளிர்காலந்தோறும் திரும்ப வருகிறதா என்று தேதிகளை ஒப்பிட்டுப் பார்ப்பதே சரியான முறை. அதே நிறுவனத்தின் பிற கட்டடங்கள் எப்படி இருக்கின்றன என்று அறிய விரும்புபவர்களுக்கு, இப்பதிவேட்டின் திறந்த தரவைக் கொண்டு ஜஸ்ட்ஃபிக்ஸ் என்ற அமைப்பு உருவாக்கியுள்ள 'ஹூ ஓன்ஸ் வாட்' என்ற கருவி உதவும், வெவ்வேறு எல்.எல்.சி. பெயர்களுக்குப் பின்னால் ஒரே முகவரி மறைந்திருப்பதை அது காட்டிவிடுகிறது. என்னைக் கேட்டால், மூலத் தளமே செய்திருக்க வேண்டிய வேலை இது.

குறைகளையும் சொல்ல வேண்டும். பதிவு செய்யப்பட்ட கட்டடம் என்பதற்குச் சோதித்துத் தேர்ச்சி பெற்ற கட்டடம் என்று பொருளில்லை. அதிகாரி எவரும் வந்து பார்க்காமலே பதிவு முடிந்துவிடும். குவீன்ஸ் பரோவில் நம்மவர்கள் பலர் குடியேறும் இரு குடும்ப வீடுகளில் உரிமையாளர் மேல்தளத்தில் வசித்தால் பதிவே தேவையில்லை, ஆகவே தளத்தில் பதிவு விவரம் இல்லாததை மட்டும் வைத்து அவரைச் சந்தேகிக்கக் கூடாது. அதைவிட முக்கியமானது, அடித்தளத்தில் சமையலறை வைத்து வாடகைக்கு விடும் அறைகள். அவை வசிக்கத் தக்கவையா என்பதைக் கட்டடத் துறையின் குடியிருப்புச் சான்றிதழில்தான் பார்க்க வேண்டும். இந்தப் பதிவேடு அதற்கு விடை தராது. 2021 செப்டம்பரில் ஐடா புயலின் மழை நகரத்தை மூழ்கடித்தபோது, இத்தகைய அடித்தள வீடுகளில் 11 பேர் உயிரிழந்தனர். வாடகை குறைவு என்பதற்காக அப்படியோர் அறையை ஏற்க நினைப்பவர்கள் இந்தத் தளத்தோடு நின்றுவிடக் கூடாது.

இன்னொரு குழப்பமும் உண்டு. வாடகை உயர்வுக்கு வரம்புள்ள குடியிருப்புகளின் வாடகை, ஆண்டுதோறும் மாநில அரசின் துறையிடம் தனியாகப் பதிவாகிறது. அந்த வரலாற்றை அங்கு குடியிருப்பவர் அத்துறையிடம் விண்ணப்பித்தே பெற வேண்டும். நகரம் ஒன்றும் மாநிலம் ஒன்றுமாக இரண்டு ஏடுகள் இருப்பதை எச்.பி.டி. தளம் முதல் பக்கத்திலேயே எளிய சொற்களில் விளக்கினால், புதிதாக வருபவர்களுக்குப் பெரிய உதவியாக இருக்கும்.

இரண்டாம் முறை நான் பார்த்த மூன்று கட்டடங்களில் ஒன்றின் பதிவு காலாவதியாகி ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தது. தரகரிடம் கேட்டபோது, அதையெல்லாம் யார் பார்க்கிறார்கள் என்று சிரித்தார். இன்னொன்றில் ஐந்து பி வகை விதிமீறல்கள் தீராமல் இருந்தன. ஆனால் எல்லாம் பழையவை, ஹீட்டிங் பற்றிய புகார் ஒன்றுகூட இல்லை. அந்த வீட்டையே எடுத்தேன். நவம்பரில் குளியலறைக் குழாய் கசிந்தபோது, பதிவேட்டில் இருந்த முகவரின் பெயருக்கும் முகவரிக்கும் ஒப்புகையுடன் கூடிய பதிவுத் தபால் அனுப்பினேன். நான்காம் நாள் காலையில், கையில் அந்தக் கடிதத்தின் நகலோடு கட்டடத்தின் பராமரிப்பாளர் கதவைத் தட்டினார்.