மடியில் அசையாமல் கிடந்தால் அது பாசம் இல்லை: குழந்தைகளுக்காகப் பூனை வாங்குவோர் கவனத்துக்கு

கிருஷ்ணகிரி, ஓசூர், தருமபுரி பக்கம் பிள்ளைகளுக்காகப் பெர்சியன் பூனைக்குட்டி தேடுகிறவர்கள் பணம் அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள். கிருஷ்ணகிரியில் ஒரு குடும்பம் 11,000 ரூபாய் கொடுத்து ஒரு குட்டியை வாங்கி, ஐந்தாம் நாள் அதைப் புதைத்தது. பன்னிரண்டாம் நாள் ஐந்து வயது மகளின் கழுத்தில் படர்தாமரை வந்தது. விற்றவர் போன் எண்ணைத் தடை செய்துவிட்டார். அந்த வீட்டாரின் சம்மதத்தோடு, யார் பெயரும் இல்லாமல், நடந்ததும் எங்கெங்கே பிடித்திருக்கலாம் என்பதும் கீழே.

போனில் வந்த வீடியோவில் சாம்பல் நிறக் குட்டி, நீலக் கண், ஒரு குழந்தையின் மடியில் தூங்குகிறது. விற்றவர் சொன்னது: "குழந்தைங்க என்ன பண்ணாலும் ஒண்ணும் பண்ணாதுங்க சார். மடியில வெச்சா அப்படியே தூங்கிடும். 60 நாள் ஆச்சு, ஊசி எல்லாம் முடிஞ்சிருச்சு." முன்பணம் 3,000. வீட்டுக்கு வந்து தாய்ப் பூனையைப் பார்க்கலாமா என்றதற்கு, தான் ஓசூரில் இல்லை, பெங்களூரில் இருந்து வரும் வழியில் கொடுத்துவிடுகிறேன் என்றார். சனிக்கிழமை மாலை டோல்கேட் பக்கத்து சர்வீஸ் ரோட்டில், பழப்பெட்டிக்குள் குட்டி கைமாறியது. பவுடர் வாசனை தூக்கலாக இருந்தது. மீதி 8,000 அங்கேயே போய்விட்டது.

அன்று இரவு முழுக்க குட்டி பிள்ளைகளின் மடியில் கிடந்தது. எவ்வளவு பாசம் என்று வீடே மகிழ்ந்தது. திங்கட்கிழமை காலை மஞ்சள் நுரையாக வாந்தி. தண்ணீர்க் கிண்ணத்தின் மேல் தலையைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருக்கிறது, ஆனால் குடிக்கவில்லை. இந்த ஒரு காட்சியைப் பார்த்தாலே பூனை பார்க்கும் மருத்துவர்களுக்கு பான்லுகோபீனியா என்ற சந்தேகம் வந்துவிடும். நாய்க்குட்டிகளைக் கொல்லும் பார்வோ வைரஸ் நோயின் பூனை வடிவம் அது. ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் சாதாரண அளவில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. டிரிப்ஸ், ஊசி எல்லாம் பார்த்தும் வியாழக்கிழமை குட்டி போய்விட்டது.

கிருமி உடம்புக்குள் புகுந்து நோய் வெளியே தெரிய பொதுவாக 2 முதல் 10 நாள் ஆகும். குட்டி வந்தது சனிக்கிழமை, வாந்தி எடுத்தது திங்கள் காலை. வேறு பூனையே இல்லாத வீடு என்பதால் அது நோயோடுதான் வந்திருக்க வேண்டும். சனிக்கிழமை இரவு மடியில் கிடந்ததும் அந்த நோயின் தொடக்கம்தான். விற்றவர் சொன்ன பதிலோ, "உங்க வீட்டுத் தண்ணி ஒத்துக்கலீங்க."

இந்தப் பதிவின் முக்கியமான விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறோம். ஆரோக்கியமான எட்டு, ஒன்பது வாரக் குட்டி புது இடத்தில் மணிக்கணக்கில் மடியில் கிடக்காது. முதலில் கட்டிலுக்கு அடியில் ஒளியும், அல்லது மூலை மூலையாக முகர்ந்து பார்க்கும். பிறகு விளையாடும், அதற்கப்புறம்தான் அசந்து தூங்கும். எடுத்த எடுப்பிலேயே துணி போலத் தொங்கினால் காய்ச்சல், பசியில் சர்க்கரை இறங்கிய மயக்கம், அல்லது தாயிடம் இருக்க வேண்டிய சின்ன வயது என்று மூன்றையும் சந்தேகப்படுங்கள். இந்தச் சோர்வைத்தான் "சாது", "கிட்ஸ் ஃபிரெண்ட்லி" என்று சொல்லி விற்கிறார்கள்.

வயது பொய் என்பதற்கு அந்தக் குட்டியே மூன்று சாட்சி வைத்திருந்தது. ஒன்று எடை. திங்கட்கிழமை தராசில் 510 கிராம். பிறக்கும்போது சுமார் 100 கிராம், பிறகு வாரத்துக்குச் சுமார் 100 கிராம் என்பது பூனைக்குட்டியின் கணக்கு. 60 நாள் குட்டி என்றால் 800 கிராமுக்குக் குறையக் கூடாது. 510 என்றால் நாலு, ஐந்து வாரத்துக் குட்டி, இல்லையென்றால் நோயில் வாடிய குட்டி. இரண்டில் எதுவானாலும் வாங்கக் கூடாது. சமையலறைத் தராசு ஒன்றைக் கையோடு கொண்டுபோனால் இது ஒரு நிமிட வேலை. இரண்டாவது பல். எட்டு வாரத்துக்குள் 26 பால் பற்களும் வந்துவிடும். உதட்டின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தால் கோரைப்பல்லுக்குப் பின்னால் கடைவாய்ப் பற்கள் தெரிய வேண்டும். மூன்றாவது கண், பலரும் ஏமாறும் இடம். எல்லாப் பூனைக்குட்டிக்கும் பிறந்த புதிதில் கண் நீலம்தான். ஆறு, ஏழு வாரத்தில்தான் நிறம் மாறத் தொடங்கும். சாம்பல் நிறக் குட்டிக்கு இன்னும் நல்ல நீலக் கண் என்றால் அது அபூர்வ வகை அல்ல, வயது பத்தவில்லை என்று அர்த்தம். சில வெள்ளைப் பூனைகளுக்கும், முகமும் காதும் மட்டும் கருத்த சியாமீஸ், ஹிமாலயன் வகைகளுக்கும் கண் கடைசிவரை நீலமாகவே இருக்கும். ஆனால் இரண்டு கண்ணும் நீலமான வெள்ளைப் பூனைகளில் பலவற்றுக்குக் காது கேட்காது. பின்னாலிருந்து பிள்ளை வந்து தொட்டால் பதறிக் கீறும். அதன் பார்வைக்குப் படாமல் ஒரு காகிதத்தைக் கசக்கிப் பாருங்கள், காது அசைகிறதா என்று. கை தட்டினால் காற்று அசைவிலேயே திரும்பிவிடும், அதை நம்ப வேண்டாம்.

ஊசிப் புத்தகத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அதைக் காட்டித்தான் 2,000, 3,000 கூடுதலாக வாங்குகிறார்கள். அந்தக் குடும்பத்துக்குக் கிடைத்த புத்தகத்தில் ஒட்டியிருந்தது நாய்க்குட்டிக்குப் போடும் டிஹெச்பிபிஐ ஊசியின் லேபிள். பூனைக்கான மூன்று நோய்த் தடுப்பூசி வேறு. ட்ரைகேட் ட்ரையோ, ஃபெலிஜென் போன்ற பெயர்கள் அந்த லேபிளில் இருக்கும். முதல் ஊசி 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 3 அல்லது 4 வாரத்துக்கு ஒரு தடவை 16 வாரம் வரை போட வேண்டும். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி ரத்தத்தில் இருக்கும்வரை அது ஊசி மருந்தையே செயலிழக்கச் செய்துவிடும். அது எந்த வாரம் தீரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும், அதனால்தான் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். எனவே 60 நாள் குட்டிக்கு "ஊசி எல்லாம் முடிஞ்சிருச்சு" என்பது நடக்க முடியாத காரியம். அதே புத்தகத்தில் 45ஆம் நாளில் ரேபிஸ் ஊசி போட்டதாக எழுதியிருந்தது. ரேபிஸ் ஊசி 12 வாரத்துக்கு மேல்தான். லேபிளில் பேட்ச் எண், காலாவதித் தேதி, மருத்துவரின் கையெழுத்து, முத்திரை, பதிவு எண் இத்தனையும் இருக்கிறதா என்று பாருங்கள். சந்தேகம் வந்தால் அந்த மருத்துவரையே கூப்பிட்டுக் கேளுங்கள். ஒரு நிமிடப் பேச்சு, ஒரு உயிர் விஷயம்.

அடுத்து நடந்ததைச் சொல்லியே ஆக வேண்டும். போன் எண்ணைத் தடை செய்வதற்கு முன் விற்றவர், "பாதி விலைக்கு வேற குட்டி தரேன்" என்றார். தயவுசெய்து இதற்கு இணங்காதீர்கள். இந்தப் பான்லுகோபீனியா வைரஸ் வீட்டுக்குள் ஒரு வருடம் வரை தாக்குப்பிடிக்கும். தரை, பாய், துணி, செருப்பு எல்லாவற்றிலும் இருக்கும். அங்கே ஊசி முழுமையாகாத இன்னொரு குட்டியை விட்டால் அதுவும் சாகக்கூடும். டெட்டால், ஃபினாயில் இரண்டும் இதற்கு உதவாது, ஃபினாயில் வகைகள் பூனைக்கே விஷம். ஒரு பங்கு பிளீச்சிங் திரவத்துக்கு 32 பங்கு தண்ணீர் கலந்து, முதலில் சோப்புப் போட்டு அழுக்கு போகக் கழுவிய தரையில் ஊற்றி, பத்து நிமிடம் ஊற விட்டுத் துடைக்க வேண்டும். பிள்ளைகளை வேறு அறையில் வைத்து, ஜன்னலைத் திறந்துவிட்டுச் செய்யுங்கள். குட்டி படுத்த துணி, அட்டைப்பெட்டி, மலத்தட்டு இவற்றை வெளியே போட்டுவிடுவது நல்லது. அந்த வீட்டுக்கு இனி வரும் பூனை, ஊசிகள் முடிந்த வளர்ந்த பூனையாக இருக்க வேண்டும்.

படர்தாமரை குட்டி மூலம் வந்தது. இது புழு அல்ல, பூஞ்சை. நீள முடிப் பூனைகளுக்கு, குறிப்பாகப் பெர்சியனுக்கு, அதிகம் வரும். வெளியே தெரியாமலும் இருக்கும். குட்டியை நல்ல வெளிச்சத்தில் வைத்து காதின் பின்புறம், மூக்கின் மேல், முன்னங்கால் விரல்கள், வால் நுனி ஆகிய இடங்களில் முடியை ஊதிப் பிரித்துப் பாருங்கள். பொடுகு போன்ற செதில், வட்டமாக முடி கொட்டிய இடம், ஒடிந்த முடி தெரிந்தால் கை வைக்காமல் வந்துவிடுங்கள். கைமாற்றும் நாளில் குளிப்பாட்டிப் பவுடர் போட்டிருந்தால் அதுவே ஒரு எச்சரிக்கை. பிள்ளைக்கு வந்துவிட்டால் மெடிக்கலில் கேட்டு ஏதோ ஒரு க்ரீம் வாங்கித் தடவாதீர்கள். அவற்றில் பல ஸ்டீராய்டு கலந்தவை. சிவப்பு நாலு நாள் அடங்கி, பிறகு இரண்டு மடங்காகப் படரும். தோல் மருத்துவரிடம் காட்டுங்கள், வாரக்கணக்கில் மருந்து தொடர வேண்டிவரும்.

இனி, பாசமான பூனையை எப்படித் தெரிந்துகொள்வது என்பது. இனம் பார்த்துப் பாசம் வராது. இரண்டாவது வாரத்தில் இருந்து ஏழாவது வாரம் வரை பலரின் கை பட்டு, பிள்ளைகள் சத்தம், மிக்ஸி சத்தம் கேட்டு வளர்ந்ததா என்பதுதான் பெரும்பாலும் முடிவு செய்கிறது. கூண்டில் வளர்ந்த "பன்ச் ஃபேஸ்" (தட்டை மூக்கு) குட்டியைவிட, பாலக்கோட்டிலோ காவேரிப்பட்டணத்திலோ ஒரு வீட்டுத் திண்ணையில் நாலு பிள்ளைகள் நடுவே வளர்ந்த நாட்டுப் பூனை உங்கள் வீட்டுக்கு ஆயிரம் மடங்கு பொருத்தம். அதனால்தான் தாயைப் பார்க்காமல் வாங்காதீர்கள் என்கிறோம். தாய் அந்நியரைக் கண்டு சீறாமல் பக்கத்தில் வருகிறதா, குட்டிகள் எங்கே வளர்கின்றன, வீட்டில் எத்தனை பேர் எடுத்துக் கொஞ்சுகிறார்கள் என்று பாருங்கள்.

குட்டியின் குணத்தைப் பார்க்க இருபது நிமிடம் போதும். தரையில் உட்காருங்கள், கூப்பிடாதீர்கள். ஐந்து நிமிடத்துக்குள் தானாக வந்து முகர்கிறதா? விரலை நீட்டினால் கன்னத்தை உரசுகிறதா? வால் நேராக நிமிர்ந்து வந்தால் நல்ல அறிகுறி. மார்புக்கு அடியில் ஒரு கை, பின்பக்கம் ஒரு கை கொடுத்து அரை நிமிடம் தூக்கிக் கீழே விடுங்கள். ஓடி ஒளிந்தால் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு அது சரிவராது, திரும்பி உங்களிடமே வந்தால் மிக நல்லது. இரண்டு மீட்டர் தள்ளி ஒரு ஸ்பூனைப் போடுங்கள். திடுக்கிடுவது இயல்பு, சில நொடியில் தேறி அந்த ஸ்பூனைப் பார்க்க வருகிறதா என்பதுதான் கணக்கு. பாதம், காது, வால் மூன்றையும் மெல்லத் தொடுங்கள், பிள்ளைகள் முதலில் பிடிப்பது அவற்றைத்தான். கயிற்றை ஆட்டினால் பாய வேண்டும். பாயாத குட்டிக்கு உடம்பு சரியில்லாமல் இருக்கலாம். முடிந்தால் வேறொரு நாள், வேறொரு நேரத்தில் இன்னொரு தடவை போய்ப் பாருங்கள்.

வீட்டில் மூன்று வயதுக்குக் கீழ் குழந்தை இருந்தால் குட்டியே வேண்டாம் என்பது எங்கள் திடமான கருத்து. குட்டியின் எலும்பு ஒரு இறுக்கிப் பிடிப்புக்குத் தாங்காது, குட்டிக்குக் கடியும் நகமும் அடக்கத் தெரியாது. ஒன்றரை, இரண்டு வயதான, கருத்தடை செய்த பூனையின் குணம் ஏற்கெனவே தெரிந்திருக்கும். அதைத் தத்து எடுப்பது மேல். பெர்சியன்தான் வேண்டும் என்றால், தினமும் பத்து நிமிடம் சீப்புப் போட ஆள் வேண்டும். சடை விழுந்த முடியைப் பிள்ளை இழுத்தால் அதற்கு வலிக்கும், அது கடிக்கும். ஓசூரின் குளுமையில் சமாளிக்கும் தட்டை மூக்குப் பூனை, தருமபுரியின் சித்திரை வெயிலில் வாயைத் திறந்து மூச்சு வாங்கும். இன்னொன்று, நாய்க்கான உண்ணிப் பவுடர், சொட்டு மருந்து எதையும் பூனைக்குப் போடாதீர்கள். பல வகைகளில் உள்ள பெர்மெத்ரின் என்ற மருந்து பூனையைக் கொன்றுவிடும்.

பூனை கடித்தாலும் கீறி ரத்தம் வந்தாலும், வீட்டுப் பூனைதானே என்று விடாதீர்கள். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். ரேபிஸ் தடுப்பூசி அங்கே இலவசம். 0, 3, 7, 28 ஆகிய நாள்களில் போடுவார்கள்.

பணம் கொடுக்கும் முறையையும் மாற்றிக்கொள்ளுங்கள். முன்பணம் அனுப்பாதீர்கள். விற்பவரைக் குட்டியோடு உங்கள் ஊர் கால்நடை மருத்துவமனைக்கு வரச் சொல்லி, மருத்துவர் பார்த்த பிறகு கொடுங்கள். வர மறுத்தால் பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். கடை என்றால் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்த சான்று இருக்க வேண்டும், அதைக் காட்டச் சொல்லுங்கள். ரசீதில் பிறந்த தேதி, ஆணா பெட்டையா, எடை, விலை, 14 நாளுக்குள் தொற்று நோய் வந்தால் பணம் திரும்ப என்பது ஆகியவற்றை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் வீடியோ, பேசிய செய்திகள், பணம் அனுப்பியதற்கான பரிவர்த்தனை (யூடிஆர்) எண், ஊசிப் புத்தகம், மருத்துவர் சீட்டு, ரத்தப் பரிசோதனை அறிக்கை எதையும் அழிக்காமல் வையுங்கள். குட்டியே தராமல் முன்பணத்தோடு மறைந்துவிட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்குப் பேசுங்கள், தாமதித்தால் பணத்தை முடக்குவது கடினம். நோயுள்ள குட்டியை விற்றது தொடர்பாக 1915 நுகர்வோர் உதவி எண்ணிலும், மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் புகார் செய்யலாம். விற்றவர் எந்த ஊராக இருந்தாலும், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். கிருஷ்ணகிரிக் குடும்பம் இந்த ஆவணங்களை வரிசைப்படுத்திக்கொண்டிருக்கிறது. அதே சாம்பல் குட்டி வீடியோ, அதே மடி, வேறு எண்ணில் இருந்து உங்களுக்கு வந்தால் அதையும் எண்ணோடு சேர்த்து ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.