ஹெலிகாப்டர் பனிச்சறுக்கு: புகபூவா, வால்டீஸா?

ஹெலிகாப்டரில் போய் மலையுச்சியில் இறங்கிச் சறுக்கும் பழக்கம் 1965-இல் வேரூன்றியது கனடாவின் புகபூ மலைகளில்தான். அங்கே சீசன் டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை. கடலிலிருந்து தள்ளி இருப்பதால் பனி ஈரம் குறைந்து, மாவு போல உதிரியாக விழும். ஜனவரியில் குளிர் கடுமை, பகலும் குறைவு. ஆனால் பொடிப்பனிக்கு அதுதான் நேரம். மேகம் கவிந்த நாளிலும் பெரும்பாலும் காட்டுக்குள் மரங்களுக்கு நடுவே சறுக்கலாம். இந்த வசதியைப் பலர் கணக்கிலேயே எடுப்பதில்லை.

அலாஸ்காவின் வால்டீஸ் வேறு ரகம். கடல் பக்கத்திலேயே. அருகிலுள்ள தாம்சன் கணவாயில் 1952-53 குளிர்காலத்தில் மட்டும் 24 மீட்டருக்கு மேல் பனி பெய்தது! ஈரப்பதம் இருப்பதால் செங்குத்தான சரிவிலும் பனி ஒட்டி நிற்கும். தேர்ந்தவர்கள் அதற்காகவே போகிறார்கள். மார்ச், ஏப்ரலில் பகலும் நீளம். ஆனால் உயரத்தில் மரமே இல்லை. புயல் வந்தால் எங்கும் ஒரே வெண்மை, மேடுபள்ளம் தெரியாது; நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

ஒரு வாரம்தான் லீவு என்றால் புகபூவையே சொல்வேன். வால்டீஸுக்குக் கூடுதலாகச் சில நாள் கையில் வேண்டும். அப்புறம், பனிச்சரிவு அபாயம் இரண்டிலும் உண்டு. இன்று வேண்டாம் என்று வழிகாட்டி சொன்னால் வாதாடாதீர்கள்.