பகல் விருந்தா, ராத்தங்கலா, கூடாரமா: பெங்களூரு ஓரத்து நிலத்துக்கு எது தாங்கும்?

பெங்களூரில் வேலை, தேன்கனிக்கோட்டையிலோ மாகடிப் பக்கமோ இரண்டு ஏக்கர். இப்படி இருக்கிற தமிழ்க் குடும்பங்களில் அடிக்கடி எழும் பேச்சு: ‘சும்மா கிடக்கிற நிலத்தில் ஒரு ஹோம்ஸ்டே போட்டால் என்ன?’ போடலாம். ஆனால் அதற்கு முன் ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும்: திங்கள் முதல் வியாழன் வரை அங்கே யார் இருப்பார்கள்?

கணக்கைப் பார்த்தால் புரியும். இரண்டு அறை, வெள்ளி சனி இரவுகள் மட்டும் என்றால் மாதத்துக்கு 16 அறை இரவு. 12 நிரம்பி, இரவுக்கு 3,000 ரூபாய் கிடைத்தால் 36,000. காவலுக்கும் சமையலுக்கும் ஒரு தம்பதி, சம்பளம் 22,000. முன்பதிவு தளத்துக்கு 15 சதவீதம், 5,400. மளிகை, சலவை, மின்சாரம் 6,000. மிச்சம் 2,600. ஒரு மாதம் மோட்டார் எரிந்தால் அதுவும் போச்சு. இதே வீட்டில் அப்பா அம்மாவோ, ஊரிலேயே இருக்கும் சித்தப்பா குடும்பமோ குடியிருந்தால் அந்த 22,000 கையில் நிற்கும். மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் ஹோம்ஸ்டே தரச்சான்று அதிகபட்சம் 6 அறைக்குத்தான். உரிமையாளர் குடும்பம் அங்கே வசிக்க வேண்டும் என்றும் கேட்கிறது. சம்பள ஆளை வைத்து வார இறுதியில் மட்டும் எட்டிப் பார்ப்பவருக்கு அது சரிவராது.

பகல் விருந்து, அதாவது காலையில் வந்து மாலையில் திரும்பும் கூட்டம், வேறு மாதிரி. ஒரு ஞாயிறு 30 பேர், ஆளுக்கு 900 என்றால் 27,000. காலை டிபன், மதியச் சாப்பாடு, மாலை டீ எல்லாம் சேர்த்து ஆளுக்கு 300, அதாவது 9,000. ஐந்து ஆள் கூலி 3,500, இதர செலவு 2,500. கையில் 12,000. முதல் நாள் சாயங்காலம் காய்கறியோடு கிளம்பிப் போய் ஞாயிறு ராத்திரி திரும்பிவிடலாம். ஆள் வராத ஞாயிறு கூலியும் இல்லை, நஷ்டமும் இல்லை.

ராத்தங்கலில் கெடுவது பெரும்பாலும் குளியலறையில். ஒருவருக்கு நாளுக்கு 150 லிட்டர் தண்ணீராவது வைக்க வேண்டும். சோலார் ஹீட்டர் ஆடி மாத மூட்டத்தில் வெந்நீர் தராது. கரன்ட் போனால் கீசரை இன்வெர்ட்டர் இழுக்காது. அதனால் விறகு பாய்லர் ஒன்று கட்டாயம். கட்டிலுக்கு மூன்று செட் விரிப்பு: ஒன்று மேலே, ஒன்று சலவையில், ஒன்று அலமாரியில். மழைக்காலத்துக்கு நான்காவது. வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அவர் விவரம் அரசுக்கு ஆன்லைனில் ஏற வேண்டும்.

கூடாரம்? மலிவாகத் தெரியும், அவ்வளவுதான். ஏப்ரல், மே மாதங்களில் சாயங்கால இடி மழை. செப்டம்பர், அக்டோபரில் பெருமழை. குளிருக்கு ஆள் வரும் டிசம்பரில்தான் தளி, ஜவளகிரி பக்கம் ராகி அறுவடைக்கு யானையும் வரும். வெயிலில் துணி நைந்து, ஜிப் பிடுங்கி, இரண்டு சீசனில் மறுபடி வாங்க வேண்டியிருக்கும். காட்டோர நிலத்தில் இதைத் தொடாதீர்கள்.

பகல் விருந்தின் பலவீனமும் வார நாள்தான், ஆனால் அதற்கு வழி உண்டு: பள்ளிகள். நவம்பர் முதல் ஜனவரி வரை வகுப்பு வகுப்பாக வெளியே கூட்டிப்போவார்கள். அவர்கள் முதலில் கேட்பது பேருந்து திரும்ப இடமும் கழிவறையும். நாற்பது பிள்ளைகளுக்கு நாலு கழிவறை, வரிசையாக ஆறு குழாய் இல்லையென்றால் சாப்பாட்டு நேரம் ஒரு மணி இழுக்கும். அத்திப்பள்ளி எல்லை தாண்டினால் வாடகைப் பேருந்துக்கு வெளிமாநில பர்மிட் தலைவலி என்பதால் பெங்களூரு பள்ளிகள் பல கர்நாடகத்துக்குள்ளேயே இருக்கும் கனகபுரா, மாகடிப் பக்கமே சாயும். ஓசூர்ப் பக்கத்து நிலத்துக்கு ஓசூர்ப் பள்ளிகளைப் பிடியுங்கள்.

பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் கையில் வேலை கொடுங்கள். மார்கழி, தையில் அவரைக்காய் பறித்து, உரித்து, ஊறவைத்துப் பிதுக்கி, அதே பிதுக்கம்பருப்புக் குழம்பும் ராகிக் களியும் மதியச் சாப்பாடு. மே, ஜூனில் மாம்பழம். நீச்சல் குளம் வேண்டாம். தண்ணீரும் காவலும் தின்றுவிடும், போர்வெல் ஆயிரம் அடி போகிற பூமி இது.

கர்நாடகத்து நிலம் என்றால் இன்னொன்று. 2020 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு விவசாயி அல்லாதவரும் விளைநிலம் வாங்கலாம். அதில் வாடகைக்கு அறை கட்டுவதற்கு கன்வெர்ஷன், அதாவது விளைநிலத்தை வேறு பயனுக்கு மாற்றும் அனுமதி வேண்டும். இதை விட்டுவிட்டுக் கட்டியவர்கள் நோட்டீஸ் வந்த பிறகு வக்கீலுக்குச் செலவழிக்கிறார்கள்.

முன்பதிவுக்கு, பகல் விருந்தென்றால் வாட்ஸ்அப்பும் பாதி முன்பணமும் போதும். அப்பார்ட்மென்ட் குழு ஒன்று வந்து போனால் அடுத்தது தானாக வரும். ராத்தங்கலுக்குத் தளம் வேண்டும், ஆனால் இரண்டு தளங்களில் போட்டால் நாள்காட்டிகளை இணைத்துவிடுங்கள். ஒரே அறைக்கு இரண்டு குடும்பம் சனிக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு வந்து நின்றால், பக்கத்தில் அனுப்ப லாட்ஜும் இருக்காது.